கற்பனை நாட்டின் மணலும் நீரும்

பள்ளி நிலப்படப் புத்தகத்தை விரித்து, அதில் ஏதேனும் ஒரு பக்கத்தில் எழுத்துகளையெல்லாம் கையால் மறைத்துக்கொள்ளுங்கள். இப்போதும் எது கடல், எது மலை, எது மணல் என்று உங்களால் சொல்ல முடிகிறதல்லவா? எழுத்து இல்லாமலேயே இந்தச் செய்தி நமக்கு எப்படிக் கிடைக்கிறது? நிறம் ஒரு காரணம். இன்னொரு காரணம், அந்தந்தப் பரப்பின்மேல் இடப்பட்டிருக்கும் நுண்ணிய புள்ளிகளும் கோடுகளும் ஆகும்.

துணியைத் தொட்டதும் இது கதர், இது பட்டு என்று விரல் கண்டுகொள்கிறது. நூல் இழைகள் அமைந்திருக்கும் பாங்கே அதற்குக் காரணம். அதனை இழைநயம் என்பர். கண்ணால் காணும் பரப்புகளுக்கும் இத்தகைய நயம் உண்டு. மணலுக்கு ஒன்று, பாறைக்கு ஒன்று, அலைக்கு ஒன்று. கணிப்பொறியில் படம் வரைவோர் டெக்ஸ்சர் என்று சொல்வது இதனைத்தான். அதை எப்படி உண்டாக்குவது, உண்டாக்கியதை எப்படி ஒழுங்காகச் சேர்த்து வைப்பது, அதைக் கொண்டு ஒரு கற்பனை நாட்டின் நிலப்படத்தை எப்படி வரைவது என்பனவற்றை இக்கட்டுரையில் காண்போம். இவற்றுக்கான பாடங்கள் நமக்கு வெகு அருகில், மாமல்லபுரக் கரையிலேயே கிடைக்கின்றன.

இல்லாத ஊருக்கு எதற்குப் படம்?

இல்லாத ஊருக்கு வழி கேட்பது வீண் வேலை என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் 1881-ஆம் ஆண்டில் ராபர்ட் லூயி ஸ்டீவன்சன் ஒரு சிறுவனோடு பொழுதுபோக்காக வரைந்த கற்பனைத் தீவின் படத்திலிருந்துதான் ‘புதையல் தீவு’ என்னும் நாவல் பிறந்தது. முதலில் படம், பிறகு கதை! ஆர். கே. நாராயணின் மால்குடிக்கோ இது நேர்மாறாக நடந்தது. கதைகளை ஊன்றிப் படித்த ஜேம்ஸ் ஃபென்னெலி என்ற அமெரிக்க அறிஞர் அவற்றிலிருந்து அந்த ஊரின் வரைபடத்தை அமைத்தார். ஊர் கற்பனையானாலும் ஆறும் தெருவும் ரயில் நிலையமும் ஒன்றுக்கொன்று முரண்படாமல் அமைய வேண்டும். அந்த ஒழுங்கைக் கண்டுபிடிப்பதே அறிவுக்கு நல்ல பயிற்சியாகும்.

நமக்கு மாமல்லபுரத்தைவிடப் பொருத்தமான களம் வேறு எது? பல்லவர் காலத்தில் அது ஒரு துறைமுகம். கல்கியின் ‘சிவகாமியின் சபதம்’ படித்தவர்கள் அந்தக் கரையை மனக்கண்ணில் ஒருமுறையேனும் வரைந்து பார்த்திருப்பார்கள். வடக்கே கோவளத்துக் கழிமுகம், தெற்கே பாலாற்று முகத்துவாரம், கிழக்கே கடல், மேற்கே உப்பங்கழி. நடுவே கருங்கற் குன்றுகள். முகத்துவாரத்துக்கு அருகிலுள்ள வயலூரில் இராசசிம்ம பல்லவனின் தூண் கல்வெட்டு உள்ளது. 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை மணலை அரித்துச் சென்றபின் சாளுவன்குப்பத்தில் தெரியவந்த கல்வெட்டைத் தொடர்ந்து, மணலுக்கடியில் புதைந்திருந்த பழைய முருகன் கோயில் ஒன்று அகழ்ந்தெடுக்கப்பட்டது. ஆகவே இக்கரையின் பழைய படம் நமக்கு முழுதும் தெரிந்ததன்று. தெரியாத இடங்களைக் கற்பனையால்தான் நிரப்ப வேண்டும். இந்தக் கரையையே நம் பயிற்சிக்கு எடுத்துக்கொள்வோம்.

நில அளவைத் துறையின் பாடம்

கற்பனைப் படத்தைத் தொடங்குமுன் உண்மைப் படத்தைக் கற்க வேண்டும். 1767-இல் தோன்றிய இந்திய நில அளவைத் துறை, நாட்டைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து நிலப்படத் தாள்களை வெளியிட்டு வருகிறது. பழைய எண் முறைப்படி மாமல்லபுரம் 66 டி/2 என்ற தாளிலும், செங்கல்பட்டு 57 பி/14 என்ற தாளிலும் அமைகின்றன. இத்தாள்களின் அளவுத்திட்டம் 1 : 50,000. அதாவது தாளில் 1 சென்டிமீட்டர், தரையில் 500 மீட்டர்.

இத்தாள்களில் நீர் நீலம், காடு பச்சை, பயிர் நிலம் மஞ்சள், சம உயரக் கோடுகள் பழுப்பு. மணலுக்குப் புள்ளிகள் உண்டு. புல்லுக்கும் புதருக்கும் தனிக் குறிகள் உண்டு. பனைமரத்துக்குக்கூடத் தனிக் குறி உண்டு. ஆண்டு முழுதும் நீர் நிற்கும் ஏரியும் வற்றிவிடும் ஏரியும் வெவ்வேறாகக் காட்டப்படுகின்றன. ஏரிகள் மலிந்த செங்கல்பட்டுப் பகுதியில் இது சிறிய வேறுபாடன்று.

இங்கே ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். பனையின் தலைப்பகுதி 5 மீட்டர் அகலம் என்று வைத்துக்கொள்வோம். 1 : 50,000 அளவில் அது தாளில் 0.1 மில்லிமீட்டர்தான் வரும். கண்ணுக்கே தெரியாது! ஆனால் தாளில் உள்ள பனைக்குறியோ இரண்டொரு மில்லிமீட்டர் உயரம் இருக்கிறது. அளவுப்படி பார்த்தால் அது 50 மீட்டருக்கும் மேற்பட்ட ஒரு பூதப் பனை! மணற்புள்ளியும் அப்படித்தான், உண்மையான மணல் துகள் அன்று, ‘இங்கே மணல்’ என்ற சொல்லே அது.

இதுவே முதற்பாடம். நிலப்படத்தில் இழைநயம் என்பது பொருளின் உருவப்படம் அன்று. அது ஒரு குறியீடு. கண்ணுக்கு மணலை நினைவூட்டினால் போதும். மணலைப் போலவே இருக்க வேண்டியதில்லை. புகைப்படத்தை அப்படியே எடுத்து ஒட்டினால் படம் கெடுவது இதனால்தான்.

மூலப்பொருள் சேகரிப்பு

இழைநயங்களை மூன்று வழிகளில் பெறலாம்: புகைப்படம் எடுக்கலாம், கையால் வரைந்து கணிப்பொறியில் ஏற்றலாம், அல்லது கணக்கின் மூலம் கணிப்பொறியையே உண்டாக்கச் செய்யலாம்.

புகைப்படத்துக்கு இன்றைய சாதாரணக் கைப்பேசியே போதும். சில விதிகளை மட்டும் மறவாதீர்கள். பரப்புக்கு நேர் செங்குத்தாகக் கருவியைப் பிடியுங்கள். சாய்த்துப் பிடித்தால் அருகிலுள்ள துகள் பெரிதாகவும் தொலைவிலுள்ளது சிறிதாகவும் விழும். மெல்லிய மேகம் மூடிய வேளை சிறந்தது. ஒரே இடத்தை இருமுறை எடுத்து, ஒன்றில் மட்டும் 15 சென்டிமீட்டர் அளவுகோலைப் பக்கத்தில் வையுங்கள். படம் எவ்வளவு அகலத்தைக் காட்டுகிறது என்பது பின்னர் தெரியும்.

வெயில் வேளையில் எடுப்பதாயின் நிழலைக் கவனியுங்கள். மாமல்லபுரத்தின் மீது ஏப்ரல் நான்காம் வாரத்திலும் ஆகஸ்டு மூன்றாம் வாரத்திலும் நண்பகல் சூரியன் ஏறக்குறைய நேர் உச்சியில் நிற்கிறது. அப்போது மணல் அலைவரிகள் நிழலின்றித் தட்டையாகத் தோன்றும். வரிகள் எடுப்பாகத் தெரிய வேண்டுமானால் காலையோ மாலையோ சாய்ந்த ஒளி வேண்டும்.

சாய்ந்த ஒளியில் எடுத்த படத்துக்கு ஓர் எச்சரிக்கை உண்டு. நிலப்படங்களில் ஒளி இடப்பக்க மேல்மூலையிலிருந்து வருவதாகக் கொள்வது மரபு. நம் கண்ணும் ஒளி மேலிருந்தே வரும் என்று பழகிவிட்டது. ஒளி கீழிருந்து வரும்படி படத்தை வைத்தால் மேடு பள்ளமாகவும் பள்ளம் மேடாகவும் தோன்றும். ஆதலால் நிழல் வலப்பக்கக் கீழ்மூலையை நோக்கி விழும்வரை படத்தைத் திருப்பி வைத்துக்கொள்ளுங்கள்.

எவற்றையெல்லாம் எடுக்கலாம்? உலர்ந்த மணலையும் ஈர மணலையும் தனித்தனியே எடுங்கள். ஈர மணல் ஏன் கறுத்துத் தெரிகிறது தெரியுமா? துகள்களுக்கிடையே நீர் புகுந்ததும் ஒளி உள்ளுக்குள்ளேயே பலமுறை சிதறி, மேலும் மேலும் உறிஞ்சப்படுகிறது; நம் கண்ணுக்குத் திரும்பும் ஒளி குறைகிறது. அலை ஒதுக்கிய கனமான கரு மணலின் கோடுகள், உப்பங்கழிச் சேற்று வெடிப்பு, வயல் வரப்பு, பனையோலை, மீன்வலைக் கண்ணி ஆகிய எல்லாமே பயன்படும்.

பாறைக்கு மாமல்லபுரத்தை மிஞ்ச ஊர் இல்லை. பல்லவச் சிற்பிகள் முடிக்காமல் விட்ட குடைவரைகளில், பாறை முகத்தைக் கோடு கோடாக வெட்டிச் சதுரக் கட்டங்களாகப் பிரித்து, பிறகு ஒவ்வொரு கட்டத்தையும் தட்டிப் பெயர்த்த வேலைமுறை இன்றும் தெளிவாகத் தெரிகிறது. உளிபட்ட பாறை, மழுக்கிய பாறை, கடற்காற்று அரித்த பாறை என்று மூன்று வகை நயங்கள் ஒரே குன்றில் கிடைக்கும். 1957 முதல் இவ்வூரில் சிற்பக்கலைக்கென்றே அரசுக் கல்லூரி இயங்கி வருவதால், புதிதாகச் செதுக்கிய கல்லையும் காணலாம். ஆனால் 1984 முதல் உலகப் பாரம்பரியச் சின்னமாக விளங்கும் இடம் இது. சிற்பங்களைத் தொடுவதோ, சுண்ணக் கட்டியால் கோடு போடுவதோ கூடாது. முக்காலியும் விளக்கும் வைத்துப் படமெடுக்கத் தொல்லியல் துறையின் முன் அனுமதி வேண்டும்.

ஒளியைச் சமன் செய்தல்

எவ்வளவு கவனமாக எடுத்தாலும் படத்தின் ஒரு மூலை வெளிச்சமாகவும் மற்றொன்று மங்கலாகவும் இருக்கும். இதைத் திருத்த எளிய உபாயம் உண்டு. படத்தின் ஒரு நகலை எடுத்து மிகுதியாக மங்கச் செய்யுங்கள். மணல் துகள்கள் மறைந்து, வெளிச்சத்தின் ஏற்ற இறக்கம் மட்டும் அதில் மிஞ்சும். மூலப் படத்தின் ஒவ்வொரு புள்ளியின் ஒளி அளவையும் மங்கல் நகலின் அதே புள்ளியின் அளவால் வகுத்துவிட்டால், ஏற்ற இறக்கம் நீங்கித் துகள்கள் மட்டும் எஞ்சும். தராசில் மூட்டையின் எடையிலிருந்து சாக்கின் எடையைக் கழிப்பது போன்றதுதான் இது. இலவசமாகக் கிடைக்கும் கிம்ப், கிரிட்டா போன்ற வரைகலைச் செயலிகளிலேயே இதனைச் செய்யலாம்.

ஒட்டுத் தெரியாத ஓடு

அடுத்தது முக்கியமான வேலை. ஏ3 தாளில், அங்குலத்துக்கு 300 படப்புள்ளிகள் வீதம் அச்சிட வேண்டுமானால் படம் 4961 × 3508 புள்ளிகள் இருக்க வேண்டும். அவ்வளவு பெரிய மணற்படம் நம்மிடம் இல்லை. 1024 × 1024 புள்ளிகள் கொண்ட ஒரு சதுரத்தைத் தரை ஓடு பதிப்பதுபோல் வரிசை வரிசையாகப் பதிக்கிறோம். இத்தாளுக்குக் குறுக்கே 5, நெடுக்கே 4 ஓடுகள் போதும். ஆனால் ஓர் ஓட்டின் வலது விளிம்பும் அடுத்த ஓட்டின் இடது விளிம்பும் பொருந்தாவிட்டால், தாள் முழுதும் கட்டம் கட்டமாகக் கோடு தெரியும்.

இதைப் போக்கும் முறையைக் காகிதத்திலேயே செய்து பார்க்கலாம். ஒரு சதுரக் காகிதத்தில் ஏதேனும் வரைந்து, அதை நான்கு சம துண்டுகளாக வெட்டுங்கள். மேல் இடத்துண்டைக் கீழ் வலத்துக்கும், மேல் வலத்துண்டைக் கீழ் இடத்துக்கும் என எதிர் மூலைகளை மாற்றி ஒட்டுங்கள். இப்போது என்ன நேர்ந்தது? முன்பு வெளி விளிம்பாக இருந்தவை நடுவில் வந்து சிலுவைபோல் சேர்ந்து நிற்கின்றன. முன்பு நடுவில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்த பகுதிகள் வெளி விளிம்புக்குப் போய்விட்டன. அவை ஏற்கெனவே அடுத்தடுத்து இருந்தவை. ஆதலால் ஓடுகளை அருகருகே வைக்கும்போது தாமாகவே பொருந்தும். இனி நமக்குள்ள வேலை ஒன்றுதான்: நடுவில் தெரியும் சிலுவை ஒட்டை, பக்கத்து மணலை நகலெடுத்துப் பூசி மறைப்பது. அப்போது வெளி விளிம்பைத் தொடவே கூடாது.

கிம்ப் செயலியில் அடுக்கைப் பாதி அகலமும் பாதி உயரமும் சுற்றி நகர்த்தும் கட்டளை உள்ளது. வெட்டி ஒட்டும் வேலையை அது நொடியில் முடித்துவிடும். கிரிட்டாவிலோ ஓட்டை வரையும்போதே அது நாற்புறமும் திரும்ப வருவதைத் திரையில் காணலாம்.

தாம்பரத்துக் கோல இலக்கணம்

சிறு துண்டை அடுக்கிப் பெரும் பரப்பை நிரப்பும் கலை நமக்குப் புதிதன்று. நாள்தோறும் வாசலில் நடப்பதுதான். ஓர் அலகுக் கோலத்தைத் தெரிந்துகொண்ட பெண், புள்ளிகளைக் கூட்டிக்கொண்டே போய்த் தெருவடைக்கக் கோலம் போட்டுவிடுகிறாள். அலகு சிறியது, அதைச் சேர்க்கும் விதியே கோலத்தைப் பெரிதாக்குகிறது.

இந்த விதியைக் கணித மொழியில் எழுதியவர்கள், இன்றைய செங்கல்பட்டு மாவட்டத்திலுள்ள தாம்பரத்தில், சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் ஆராய்ந்தவர்களே. கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருதிவாசன் ஆகியோர் வாக்கியத்துக்கு இலக்கணம் இருப்பதுபோல் படத்துக்கும் இலக்கணம் வகுக்க முடியும் என்று காட்டினர். கோலங்களை இவ்வாறு ஆராய்ந்த அவர்களது கட்டுரை 1974-இல் கணிப்பொறி வரைகலைக்கான பன்னாட்டு ஆய்விதழ் ஒன்றில் வெளிவந்தது. அதே ஆண்டில்தான் அமெரிக்காவில் எட்வின் கேட்மல், வளைந்த பரப்புகளின்மேல் இழைநயத்தைப் போர்த்தும் முறையைத் தம் ஆய்வேட்டில் விளக்கினார். திரைப்படக் காட்சிகளிலும் விளையாட்டுகளிலும் இன்று நாம் காணும் பாறையும் புல்லும் அந்த வழியில் வந்தவையே. மாமல்லபுரச் சிற்பங்களின் ஆடை அணிகளையும் கிஃப்ட் சிரோமணி நுணுகி ஆராய்ந்தவர் என்பதை இங்கே நினைவுகூர்வது பொருத்தம்.

திரும்ப வரும் கிளிஞ்சல்

ஒட்டு மறைந்தது, ஆனால் இன்னொரு குறை தலைகாட்டும். ஓட்டில் ஒரே ஒரு வெள்ளைக் கிளிஞ்சல் இருந்தால், தாளில் 20 கிளிஞ்சல்கள் படை வீரர்போல் அணிவகுத்து நிற்கும். கண் மணலை விட்டுவிட்டு அணிவகுப்பையே பார்க்கும்.

இதற்கு மூன்று மருந்துகள் உண்டு. முதலாவது, தனித்துத் தெரியும் எதையும் ஓட்டிலிருந்து நீக்கிவிடுவது.

இரண்டாவது, விளிம்பு ஒன்றாகவும் உட்பகுதி வேறாகவும் மூன்று நான்கு ஓடுகளைச் செய்து கலந்து பதிப்பது. விளிம்பு ஒன்றானதால் எதை எதன் பக்கத்தில் வைத்தாலும் பொருந்தும். விளிம்பைக் கொண்டே ஓடுகளைச் சேர்க்கும் இக்கணக்கை 1961-இல் ஹாவ் வாங் என்ற தர்க்கவியல் அறிஞர் ஆராய்ந்தார்.

மூன்றாவது மருந்து, நீங்கள் பள்ளியில் படித்த மீச்சிறு பொது மடங்கு! 1000 புள்ளி அகல ஓடு ஒன்றையும் 900 புள்ளி அகல ஓடு ஒன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக மெல்லியதாக இடுங்கள். இரண்டும் சேர்ந்த கோலம் எப்போது மறுபடி வரும்? 1000, 900 ஆகியவற்றின் மீ. பொ. ம. 9000. தாளின் அகலமோ 4961. ஆகவே இத்தாளில் ஒரே கோலம் இரண்டாம் முறை வரவே வராது. எதற்கு இந்தக் கணக்கு என்று வகுப்பில் கேட்ட மாணவர்களுக்கு இதோ ஒரு விடை.

கணக்கில் பிறக்கும் கடல்

அலையைப் புகைப்படமெடுத்து ஓடாக்குவது கடினம். அதற்குக் கணக்கு வழி ஏற்றது. 1982-இல் வெளியான ‘ட்ரான்’ திரைப்படத்துக்காகப் பணியாற்றிய கென் பெர்லின், கணிப்பொறிப் படங்கள் அளவுக்கு மீறி மொழுமொழுவென்று இருப்பதைக் கண்டு, இயற்கையின் ஒழுங்கின்மையைக் கணக்கால் உண்டாக்க முற்பட்டார். 1985-இல் அம்முறையை வெளியிட்டார். 1997-இல் அதற்காகத் திரைப்படக் கழகத்தின் தொழில்நுட்ப விருது பெற்றார்.

அதன் சாரம் இது. கட்டம் போட்ட தாளின் ஒவ்வொரு சந்திப்பிலும் எழுந்தமானமாக ஒரு சாய்வை வைத்துக்கொள்கிறோம். இரண்டு சந்திப்புகளுக்கிடையே அளவு திடீரெனத் தாவாமல் வழவழப்பாக மாறும்படி நிரப்புகிறோம். மென்மையான மேடு பள்ளம் கிடைக்கிறது. பிறகு கட்டத்தைப் பாதியாகச் சுருக்கி, உயரத்தையும் பாதியாக்கி, மறுபடி செய்து முன்னதனோடு கூட்டுகிறோம். நாலைந்து முறை கூட்டினால் பெரிய அலைமேல் சிற்றலை, அதன்மேல் நுண்ணலை என்று இயற்கையை ஒத்த பரப்பு வந்துவிடும். கடைசி வரிசைச் சந்திப்புகளுக்கும் முதல் வரிசைக்கும் ஒரே சாய்வுகளைக் கொடுத்தால், ஒட்டுத் தெரியாத ஓடும் தானாகவே அமையும். கடலுக்கு மட்டுமன்றி மேகத்துக்கும், பழைய தாளின் கறைக்கும் இது உதவும்.

மரங்களுக்கு இது ஆகாது. மரம் என்பது தனித்தனிக் குறி. பனைகள் வரப்போரமாகவும் திட்டுத் திட்டாகவும் நிற்கும். சவுக்குத் தோப்போ மனிதன் நட்டது, வரிசை பிசகாது. குறியைத் தெளிக்கும்போது இவ்வேறுபாட்டைக் காட்டுங்கள்.

ஐந்திணை அலமாரி

ஓராண்டு இவ்வாறு சேகரித்தால் நூற்றுக்கணக்கான கோப்புகள் சேர்ந்துவிடும். ‘படம்1’, ‘புதியது2’, ‘கடைசி’, ‘மெய்யாகவே கடைசி’ என்று பெயர் வைத்தவர்கள் தேடியே களைத்துப் போவார்கள். பண்டம் நிறைந்த கடையில் எது எங்கே என்று தெரியாவிட்டால் பண்டம் இருந்தும் இல்லாததே.

நிலத்தை வகைப்படுத்தத் தமிழர்களாகிய நாம் வெளியே போக வேண்டியதில்லை. நெய்தல், மருதம், முல்லை, குறிஞ்சி, பாலை என்று ஐந்து கோப்புறைகள் திறவுங்கள். மணல், அலை, உப்பளம், கழி ஆகியன நெய்தலில். வயல், ஏரி, கால்வாய், வரப்பு மருதத்தில். புதரும் மேய்ச்சல் நிலமும் முல்லையில். பாறையும் குன்றும் குறிஞ்சியில். பாலை தனி நிலமன்று, முல்லையும் குறிஞ்சியும் வறண்ட நிலையே என்பது நம் மரபு. அது இங்கே மிகவும் பயன்படுகிறது: மற்ற கோப்புறைகளின் கோடைகால வடிவங்களைப் பாலையில் வையுங்கள். தாள், கறை, கிழிசல் முதலிய நிலமல்லாதவற்றுக்கு ஆறாவதாகப் ‘பொது’ என்று ஒன்று.

கோப்பின் பெயரே அதன் முகவரியாக இருக்கட்டும். ‘நெய்தல்_மணல்_ஈரம்_1024_03’ என்றால், நெய்தல் திணை, மணல், ஈரமானது, 1024 புள்ளி, மூன்றாவது வகை என்று திறக்காமலே தெரியும். எண்ணை 3 என்று எழுதாமல் 03 என்று எழுதுங்கள். இல்லையேல் சில செயலிகளில் 10 வந்து 2-க்கு முன்னால் நிற்கும். யூனிகோடு வந்தபின் தமிழிலேயே கோப்புக்குப் பெயரிட முடிகிறது.

மூலப் புகைப்படம், திருத்திய ஓடு ஆகிய இரண்டையும் தனித்தனியே வையுங்கள். மூலத்தின்மேல் ஒருபோதும் வரையாதீர்கள். ஓட்டைப் பி.என்.ஜி. வடிவில் சேமியுங்கள். ஜே.பெக் வடிவம் இடத்தை மிச்சப்படுத்த நுண்ணிய விவரங்களை விட்டுவிடுகிறது. திறந்து திருத்தி மறுபடி மறுபடி சேமித்தால் ஓடு தேய்ந்துகொண்டே போகும், விளிம்பும் பிசகும். 1024 புள்ளிச் சதுரம் சுருக்காமல் வைத்தாலும் ஏறக்குறைய 30 லட்சம் பைட்டுகள்தாம். இன்றைய கணிப்பொறிக்கு அது ஒரு பாரமன்று.

இவற்றோடு ஒரு பதிவேடு வேண்டும். கோப்பின் பெயர், எடுத்த இடம், நாள், எடுத்தவர், உண்மை அகலம், ஒளியின் திசை, உரிமை என்று ஏழு பத்திகள் போதும். கடைசிப் பத்தியை அலட்சியம் செய்யாதீர்கள். பிறர் உண்டாக்கிய இழைநயத்தைப் பயன்படுத்தும்போது, அவர் எந்த நிபந்தனையில் அதைக் கொடுத்தார் என்பதை அன்றே எழுதி வையுங்கள். பெயரைக் குறிப்பிட்டால் போதும் என்பவர் உண்டு. விற்பனைக்குக் கூடாது என்பவர் உண்டு. எதுவும் வேண்டாம், எடுத்துக்கொள்ளுங்கள் என்பவரும் உண்டு. உங்கள் படம் நூலில் அச்சேறும் நாளில் இந்தப் பத்தி உங்களைக் காப்பாற்றும்.

தாளில் இடும் முறை

கணிப்பொறியில் படத்தை அடுக்கடுக்காக வரைகிறோம். அடியில் தாளின் நயம், அதன்மேல் நிலத்தின் நிறம், அதன்மேல் இழைநயங்கள், பிறகு மலை நிழல், கரைக்கோடு, மரக்குறிகள், எல்லாவற்றுக்கும் மேல் எழுத்துகள். இழைநய அடுக்கைப் ‘பெருக்கல்’ முறையில் இடுங்கள். வெள்ளையை 1, கருமையை 0 என்று கொண்டு, மேலடுக்கின் அளவையும் கீழடுக்கின் அளவையும் பெருக்குவதே அம்முறை. 0.9-ஐ 0.8-ஆல் பெருக்கினால் 0.72, நிறம் சற்றுக் கறுக்கிறது. வெள்ளை இடத்தில் ஒன்றால் பெருக்குவதால் மாற்றமில்லை.

இழைநயம் மென்மையாகவே இருக்கட்டும். அதன் கருமைக்கும் வெண்மைக்குமுள்ள வேறுபாடு முழு அளவில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டினால், ஊர்ப் பெயர்களைப் படிக்க முடியாது. படம் முடிந்ததும் இரண்டு சோதனைகள் செய்யுங்கள். கண்ணைச் சுருக்கிக்கொண்டு தொலைவிலிருந்து பாருங்கள்: கட்டங்களோ அணிவகுப்போ தெரிகின்றனவா? அடுத்து, நிறத்தை நீக்கிக் கருப்பு வெள்ளையில் அச்சிடுங்கள்: மணலும் வயலும் கழியும் வேறு வேறாகத் தெரிகின்றனவா? நிறம் பிரித்தறிய இயலாத வாசகருக்கும் உங்கள் படம் பேச வேண்டுமல்லவா?

பல்லவர் காலப் படத்துக்கு இன்னொரு சோதனையும் உண்டு. சவுக்குத் தோப்பின் நயத்தை ஆசையோடு செய்து வைத்திருப்பீர்கள். ஆனால் சவுக்கு இக்கரையில் தோப்புத் தோப்பாகப் பரவியது 19-ஆம் நூற்றாண்டில்தான். சீமைக் கருவேலமும் அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவுக்கு வந்ததே. மாமல்லபுரத்துக்கு மேற்கே ஓடும் பக்கிங்காம் கால்வாய்க்கு அப்பெயர் ஏற்பட்டது 1876–78 பெரும் பஞ்சத்தையொட்டி. இம்மூன்றையும் நீக்கினால்தான் உங்கள் படம் பழைய மாமல்லையைக் காட்டும். கற்பனைக்கும் வரம்பு உண்டு. அந்த வரம்பைத் தேடும்போதுதான் ஊரின் வரலாறு புலப்படுகிறது.

வெறும் நிலம் என்று ஒன்று உண்டா?

இறுதியாக ஒரு கேள்வி. எந்த இழைநயமும் இடாமல் விட்ட வெள்ளை இடத்தைப் பார்ப்பவர் எப்படிப் புரிந்துகொள்கிறார்? ‘அங்கே ஒன்றுமில்லை’ என்றுதான்.

இது விளையாட்டுச் செய்தியன்று. சென்னைக்குத் தெற்கே பள்ளிக்கரணையில் மழைநீரைத் தாங்கி நிற்கும் பெரும் சதுப்பு நிலம் உள்ளது. கழுவெளி என்று மக்கள் அழைத்த நிலம் அது. ஆனால் ஆவணங்களில் அது நெடுங்காலம் ‘தரிசு’ என்றே இருந்தது. தரிசு என்று பெயர் விழுந்தபின் என்ன நடக்கும்? ஒரு பகுதியில் நகரத்துக் குப்பை கொட்டப்பட்டது, சுற்றிலும் கட்டடங்கள் எழுந்தன, சதுப்பு சுருங்கியது. 2022-இல் அது பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. செங்கல்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கலும் கரிக்கிலியும் அதே ஆண்டில் அப்பட்டியலில் சேர்ந்தன. நிலம் மாறவில்லை, அதற்கு நாம் இட்ட பெயரும் குறியும்தான் மாறின.

கடற்கரை மணலும் அப்படியே. படத்தில் அது வெறும் புள்ளிகள். தரையிலோ அது படகு ஏற்றும் இடம், வலை பழுதுபார்க்கும் இடம், கருவாடு காயும் இடம். கடற்கரையில் எது கட்டலாம், எது கூடாது என்பதை 1991 முதல் கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கைகள் வரையறுத்து வருகின்றன. அவற்றை நடைமுறைப்படுத்த நிலப்படங்களே ஆதாரம். படத்தில் வெறும் மணல் என்று விழுந்தால், வெறும் மணலுக்கு யாரும் வாதாட மாட்டார்கள்.

ஆகவே கற்பனை நாட்டை வரையும்போதே இப்பழக்கத்தைக் கைக்கொள்ளுங்கள். ‘இங்கே என்ன இருக்கிறது? இதை யார் பயன்படுத்துகிறார்? கோடையில் எப்படி இருக்கும், மழையில் எப்படி இருக்கும்?’ என்று ஒவ்வொரு வெள்ளை இடத்தையும் கேளுங்கள். வலை காயும் மணலுக்கென்று தனி நயம் ஒன்று செய்யுங்கள். கோடையில் வற்றும் ஏரிக்கு ஒன்று, சதுப்புக்கு ஒன்று செய்யுங்கள்.

தொடங்குவதற்குப் பெரிய செலவு எதுவுமில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஊரில் ஐந்து பரப்புகளைப் படமெடுங்கள். ஒன்றை ஒட்டுத் தெரியாத ஓடாக்குங்கள். பதிவேட்டில் முதல் வரியை எழுதுங்கள். பள்ளி அறிவியல் மன்றத்தில் பத்துப் பேர் சேர்ந்தால், ஒரே பருவத்தில் உங்கள் வட்டாரத்தின் ஐந்திணை அலமாரி நிறைந்துவிடும். பிறகு எந்தக் கற்பனை நாட்டை வேண்டுமானாலும் வரையுங்கள். அதன் மண் உங்கள் ஊர் மண்ணாக இருக்கும்.